நூற்று எண்பது பேர் மூச்சு

என் இடது சிறுநீரகத்தைத் தம்பிக்குக் கொடுப்பதாக முடிவாகி, தேதியும் குறித்தாகிவிட்டது. அவன் எண்ணூறு கிலோமீட்டர் தள்ளி வேறொரு நகரத்தில் இருந்தான். ஊரெல்லாம் கொரோனா. நான் தொற்று இல்லாமல் அவன் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வேண்டும். விஷயம் இவ்வளவுதான். விமானத்தில் போவதா, காரில் போவதா என்று இந்த இவ்வளவுக்காக நானும் என் கணவரும் பதினோரு நாள் ஒருவரையொருவர் கடித்துக் குதறிக்கொண்டிருந்தோம்.

தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து மூன்று வருஷம். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இரண்டு கைகளிலும் ஊசி ஏற்றும் இடம் அடைத்துப்போய், கழுத்தில் குழாய் வைத்திருந்தார்கள். அதிலும் இரண்டு தடவை சீழ் பிடித்தது. இனிமேல் குழாய் வைக்க இடமில்லை என்று மருத்துவர் கையை விரித்துவிட்டார். மாற்று அறுவைக்கான ஏற்பாடுகளைக் கவனிக்கும் பெண் போனில் எனக்கு விளக்கமாகச் சொன்னாள். வந்ததும் பரிசோதனை செய்வார்கள், பாசிட்டிவ் என்று வந்தால் ஆறு வாரம் தள்ளிவைப்பார்கள். ஆறு வாரம் என் தம்பி தாங்குவானா என்று கேட்டேன். அவள், வெளியே போனால் முகக்கவசத்தை மூக்குக்கு மேலே ஏற்றிப் போடுங்கள் என்றாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் கணவர் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் 'மாஸ்டர்' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, எனக்கும் அதுவே வாயில் வந்துவிடும். கோபம் வந்தால் கூடுதலாக வரும். நான் அங்கே விண்ணப்பம் நிரப்புகிறவள், சாலைக் குறிகளைப் பாடம் நடத்துகிறவள். எங்களிடம் இருந்தது ஒரே கார், ஸ்கூல் கார். அதில் பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக் உண்டு. மாணவன் தடுமாறினால் மாஸ்டர் தன் பக்கத்து பிரேக்கை மிதிப்பார். இரண்டையும் கம்பியால் இணைத்திருப்பதால், ஒன்றை மிதித்தால் மற்றதும் சேர்ந்து இறங்கும். இருபத்திரண்டு வருஷம் அவர் வாழ்ந்தது அந்தப் பக்கத்து இருக்கையில்தான்.

நான் விமானம் என்றேன். இரண்டு மணி நேரம், கண்ணை மூடித் திறந்தால் ஊர் வந்துவிடும். அவர் கார் என்றார். சண்டை முற்றி, ஒரு நாள் காலையில் சாலைத் தேர்வுக்கு மதிப்பெண் போடும் தாளை எடுத்துவந்து மேசையில் வைத்தார். சின்னத் தப்புக்கு ஒன்று கழிக்க வேண்டும், பெரிய தப்புக்கு ஐந்து, ஆளைக் கொல்லும் தப்பு என்றால் தேர்வு அங்கேயே முடிந்தது. அந்தத் தாளில் ஒரு பக்கம் விமானம், ஒரு பக்கம் கார் என்று எழுதினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. உட்கார்ந்தேன்.

விமான நிலையத்துக்கு டாக்சி, ஒன்று கழி. வாசலில் வரிசை, ஐந்து கழி. செருப்பையும் பெல்ட்டையும் எல்லாரும் போடும் தட்டிலேயே போட வேண்டும், ஒன்று கழி. விமானத்தின் கழிவறைக் கதவு, அதற்கும் ஒன்று. கார் பக்கம் வந்தால் பெட்ரோல் பங்க், சுங்கச்சாவடி, வழியில் போலீஸ் நிறுத்தினால் பேச வேண்டியது. பதினான்கு மணி நேரம் ஒன்றுக்குப் போகாமல் இருக்க முடியுமா என்று கேட்டேன். மூடி போட்ட பக்கெட் ஒன்று எடுத்துப் போகலாம் என்றார். அதற்காகக் கார் பக்கம் கழித்திருந்த ஐந்தை அவரே அடித்துவிட்டார்.

விமானத்துக்குள் காற்றைச் சில நிமிஷத்துக்கு ஒருமுறை வடிகட்டிவிடுகிறார்கள், எதிர்க்கடை மருந்துக்காரரே சொன்னார் என்று நான் கரடியாகக் கத்திப் பார்த்தேன்.

"நூத்தி எண்பது பேர் மூச்சு. வடிகட்டுறதுக்கு முன்னாடி அது யார் மூக்குக்குள்ள போகும்? அதைச் சொல்லு முதல்ல," என்றார்.

அவருடைய உண்மையான பயம் எனக்குத் தெரியும். வேறொருவர் ஓட்டும் எதிலும் அவரால் நிம்மதியாக உட்கார முடியாது. பஸ்ஸில் போனால்கூட அவர் கால் தரையை மிதித்துக்கொண்டே வரும். அதை முகத்துக்கு நேரே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, ஏனென்றால் அந்த நூற்று எண்பது மூச்சும் என் கழுத்தில் படுவது போல எனக்கே உடம்பு கூசியது. கடைசியில் கார் ஜெயித்தது. அவர் கையில் இருந்த வண்டி இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கீறல் வாங்கியதில்லை. அதனால் விபத்து என்று ஒரு வரி எழுத எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

கிளம்புவதற்கு முதல் நாள் முழுக்க அவர் காரைத் துடைத்தார். ஸ்டீயரிங்கைத் துடைத்தார், கியரைத் துடைத்தார், பெல்ட் கொக்கியைப் பல் தேய்க்கும் பிரஷ் வைத்துத் தேய்த்தார். அவித்த முட்டை, ரொட்டி, ஆரஞ்சு, பத்து பாட்டில் தண்ணீர், அப்புறம் கை கழுவும் மருந்து ஐந்து லிட்டர் கேன். அந்தக் கேனைக் கைக்கு எட்டும்படி இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் செருகிவைத்தார். இவ்வளவும் செய்துவிட்டு இரவில் தூங்காமல் புரண்டிருக்கிறார். காலையில் கண் சிவந்திருந்தது. நான்தான் பயந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

விடியும்போது கிளம்பினோம். நெடுஞ்சாலையில் ஈ காக்கா இல்லை. கடைகள் எல்லாம் கதவு இறக்கிக் கிடந்தன. பெட்ரோல் பங்கில் அவர் இரண்டு முகக்கவசம், நீச்சல் கண்ணாடி, மழைக்கோட்டு எல்லாம் மாட்டிக்கொண்டு இறங்கினார். பெட்ரோல் போடும் பெண் இரண்டு அடி பின்னால் போய்விட்டாள். வேறு நாளாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன். அன்றைக்கு அவள் இருமினாளா இல்லையா என்பதை மட்டும்தான் பார்த்தேன். திரும்பி வந்து அவர் தொண்டையைக் கனைத்தார். தூசி என்றார். அடுத்த இருபது கிலோமீட்டரும் அவர் மறுபடி கனைக்கிறாரா என்று காதைத் தீட்டிக்கொண்டே வந்தேன்.

மதியம் ஆனதும் அவர் தலை லேசாக ஆட ஆரம்பித்தது. கொடுங்கள், நான் ஓட்டுகிறேன் என்றேன். எனக்கு ஓட்டத் தெரியும், அவர் சொல்லிக்கொடுத்ததுதான். மாட்டேன் என்று பிடித்த பிடியில் நின்றார். கார் ஒருமுறை கோட்டைத் தாண்டியதும் தானாகவே ஓரங்கட்டி இறங்கினார். இடம் மாறினோம். நான் ஸ்டீயரிங்கில், அவர் தன்னுடைய பழைய இடத்தில். கொஞ்ச நேரம் கண்ணாடியைப் பார், இடைவெளி விடு என்று பாடம் நடத்தினார். பிறகு பேச்சு நின்றது. திரும்பிப் பார்த்தேன், வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். எட்டு மணி நேரத்தில் முதல்முறையாக நான் ஒழுங்காக மூச்சு விட்டேன்.

மணி மூன்று இருக்கும். நேர்ச் சாலை. பின்னால் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. நான் எண்பதில் போய்க்கொண்டிருந்தேன், முன்னால் எதுவும் இல்லை. திடீரென்று என் காலடியில் பிரேக் தானாக இறங்கியது. என் கால் ஆக்சிலேட்டரில் இருக்கிறது. பிரேக் மட்டும் அடிவரை போய்ப் பலகையில் முட்டி நிற்கிறது. ஸ்கூல் காரில் ஓட்டிப் பழகிய யாருக்கும் அது என்னவென்று தெரியும். தூக்கத்தில் எந்த மாணவனைக் காப்பாற்றினாரோ, மனிதர் முழு பலத்தோடு மிதித்திருந்தார்.

லாரி ஒடித்துத் திருப்பியும் எங்கள் பின்பக்க மூலையை உரசிவிட்டது. கார் சுழன்று சாலையை விட்டு இறங்கி, பள்ளத்தில் தொப்பென்று விழுந்து மண்மேட்டில் முட்டி நின்றது. அந்தச் சுழற்சியில் நடுவிலிருந்த ஐந்து லிட்டர் கேன் எழும்பி என் இடது விலாவுக்குக் கீழே இடித்தது. மூச்சு அடைத்துவிட்டது. வாயைத் திறக்கிறேன், காற்று உள்ளே போகவில்லை.

கதவைப் பிடுங்கித் திறந்தது லாரிக்காரர். வயசானவர், முகத்தில் கவசம் இல்லை, வியர்வை கொட்டிக்கொண்டிருந்தது. "பயப்படாதம்மா, ஒண்ணும் ஆகல, ஒண்ணும் ஆகல," என்று என் இரண்டு தோளையும் பிடித்து வெளியே இழுத்தார். அவர் மூச்சு என் முகத்தில் பட்டது. புகையிலை வாசனை. கூடவே வயலில் வேலை செய்துகொண்டிருந்த ஏழெட்டுப் பேர் ஓடிவந்து சுற்றி நின்றார்கள். ஒருத்தி என் கன்னத்தைத் தட்டினாள், ஒருவர் கையைத் தேய்த்துவிட்டார். பதினோரு நாள் நாங்கள் யாருக்கெல்லாம் பயந்து ஒளிந்தோமோ, அத்தனை பேரும் திறந்த முகத்தோடு எனக்காகப் பதறிக்கொண்டு நின்றார்கள். லாரிக்காரர் தன் பாட்டிலை நீட்டினார். வாங்கி மடக்மடக்கென்று குடித்துவிட்டேன்.

"குடிக்காத," என்று என் கணவர் மறுபக்கத்திலிருந்து அலறினார். "அவளைத் தொடாதீங்க யாரும். தள்ளி நில்லுங்க."

எல்லாரும் அப்படியே நின்றார்கள். லாரிக்காரர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டிவிட்டுப் பின்னால் நகர்ந்தார். அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். கோபித்துக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. லாரியிலிருந்து கயிற்றைக் கொண்டுவந்து, தூரமாகவே நின்று கட்டச் சொல்லி, காரை மேலே இழுத்துவிட்டார். பார்த்துப் போங்க என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். நாங்கள் நன்றிகூடச் சொல்லவில்லை.

கார் ஓடியது. இந்தத் தடவை அவர் ஓட்டினார். கண்ணாடியை இரண்டு தடவை சரிசெய்தார். பிறகு சாலையைப் பார்த்தபடியே கேட்டார்.

"நீதானே பிரேக் அடிச்ச?"

குரல் நடுங்கியது. இது குற்றம் சாட்டும் கேள்வி இல்லை என்று எனக்குப் புரிந்தது. அவருக்குப் பாதி தெரிந்திருந்தது. மீதியை நான் சொல்லிவிடுவேனோ என்று பயந்துகொண்டிருந்தார்.

"ஆமாங்க. நாய் ஒண்ணு குறுக்க வந்த மாதிரி இருந்துச்சு," என்றேன்.

பதறி பிரேக் அடிக்கக்கூடாது என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று ஆரம்பித்தார். திட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் ஆள் இல்லாத ஓரத்தில் நிறுத்தச் சொல்லி, பின்கதவின் மறைவில் பக்கெட்டில் உட்கார்ந்தேன். எழுந்து மூடியைப் போடும்போது பார்த்தேன். சிவப்பு. வெளிச்சம் அப்படி என்று நினைத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். சிவப்புதான். மண்ணில் கொட்டி, செருப்பால் மண்ணைத் தள்ளி மூடினேன். காரில் ஏறி உட்கார்ந்ததும், என்ன முகம் இப்படி இருக்கிறது என்றார். கால் மரத்துப்போச்சு என்றேன். இடது விலா அதற்குள் கல்லாக இறுகியிருந்தது. மிச்ச வழி முழுக்க அந்த இடத்தில் கையை வைத்து அழுத்திக்கொண்டு, ஒன்றும் ஆகியிருக்காது, ஒன்றும் ஆகியிருக்காது என்று லாரிக்காரர் சொன்னதையே மனசுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியில் துணைக்கு வருகிறவர்களை உள்ளே விடவில்லை. அவர் காரோடு வாகனம் நிறுத்துமிடத்திலேயே தங்கிக்கொண்டார். என்னை நான்காவது மாடியில் தனி அறையில் வைத்தார்கள். தம்பி அதே கட்டடத்தில் ஆறாவது மாடியில் இருந்தான், ஆனால் போனில்தான் பேச முடியும். காலையில் மூக்கில் குச்சி விட்டு எடுத்துப் போனார்கள். பிறகு நர்ஸ் சின்னக் குப்பியைக் கொடுத்தாள். நிரப்பிக் கொடுத்தேன். அவள் அதைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள்.

"மாதவிலக்கா?" என்று கேட்டாள்.

"ஆமா," என்றேன்.

அவள் குறித்துக்கொண்டு போய்விட்டாள். எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது என்று எனக்கே ஆச்சரியம். பத்து நிமிஷம் தப்பித்தேன் என்று இருந்தது. அதன் பிறகு பயம் வேறு பக்கமாக வந்து பிடித்துக்கொண்டது. இதை மறைத்தால் அறுவை நடக்கும். நடந்து, அடிபட்டதை எடுத்து அவன் உடம்பில் வைத்தால்? அவன் வயிற்றைக் கிழித்த பிறகு அது வேலை செய்யாமல் போனால்? அவனுக்கு இனிமேல் குழாய் வைக்கக்கூட இடமில்லை. பிறகு மணியை அழுத்தி நர்ஸைக் கூப்பிட்டு, டாக்டரிடம் பேச வேண்டும் என்றேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அவருக்கு என் மகள் வயசுதான் இருக்கும். சிறுநீரகத்தைச் சுற்றி ரத்தம் கட்டியிருக்கிறது, ஓரத்தில் லேசாகக் கிழிந்தும் இருக்கிறது, உயிருக்கு ஆபத்தில்லை, தானாகவே ஆறும், ஆனால் அதுவரை படுக்கையை விட்டு எழக்கூடாது என்றார். அறுவை என்று கேட்டேன். முடியாது என்று தலையை ஆட்டினார்.

"வலது பக்கம் நல்லாத்தானே இருக்கு? அதை எடுத்துக்கோங்க டாக்டர்," என்றேன்.

"அதை எடுத்தா உங்களுக்கு மிஞ்சுறது இந்த அடிபட்டதுதான். அப்படி எடுக்க மாட்டோம்மா. ஆறு வாரம் கழிச்சுத் திரும்ப ஸ்கேன் பண்ணிப் பாக்கலாம்."

காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார். அவர் வெளியே போவதற்குள் என் போனில் செய்தி வந்தது. என் பெயர், என் வயது, அதற்குக் கீழே பெரிய எழுத்தில் நெகட்டிவ்.

தம்பியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பிரேக் தானாக இறங்கியதையும் சொன்னேன். அவனிடம் நான் எதையும் மறைத்துப் பழக்கமில்லை. அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். சின்ன வயதிலிருந்தே எதற்கும் கிண்டல் செய்கிறவன், "ஒரு கிட்னிய ஒழுங்கா பார்சல் பண்ணிக் கொண்டுவரத் தெரியல உனக்கு," என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்கும் வரவில்லை.

மாமாவுக்குத் தெரியுமா என்று கேட்டான். அவர் கீழே ரிசல்ட்டுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார், இனிமேல்தான் சொல்ல வேண்டும் என்றேன்.

"சொல்லாதக்கா. அவர் யோசிச்சு யோசிச்சுக் கண்டுபிடிச்சுருவாரு. கார்ல வரணும்னு சொன்னதும் அவருதான். தாங்க மாட்டாரு. பாசிட்டிவ்னு சொல்லிரு. அதுக்கும் ஆறு வாரம்தானே? உன்னை இங்கயே வெச்சிருக்கறதுக்கும் காரணம் ஆச்சு. அந்த ஏற்பாடு பண்ற பொண்ணுகிட்ட நான் பேசிக்கறேன்."

சரி என்றேன். அவன் போனை வைக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"அக்கா, எனக்கு ஆறு வாரம் இருக்கா?"

"இருக்குடா," என்றேன். எனக்கு எப்படித் தெரியும்?

உடனே என் கணவரைக் கூப்பிட்டேன். தாமதித்தால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று பயமாக இருந்தது. முதல் மணியிலேயே எடுத்தார்.

"பாசிட்டிவ்ங்க," என்றேன்.

ஜன்னலுக்கு வந்து பார்க்கலாம் என்றால் நான் எழக்கூடாது. நீங்களும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், காய்ச்சல் எதுவும் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை.

"யார்கிட்டேர்ந்து?" என்றார். "நாமதான் யாரையும் கிட்ட விடலயே. யார்கிட்டேர்ந்து வந்திருக்கும்?" கொஞ்சம் நிறுத்தி, "அந்த லாரிக்காரன். அவன் வாய் வெச்ச தண்ணிய நீ குடிச்ச. நான் கத்தினேன், கேட்டியா நீ? அவன்தானே?"

என் தோளைப் பிடித்து இழுத்த அந்த இரண்டு கைகளும் ஞாபகத்துக்கு வந்தன.

"ஆமாங்க. அவனாத்தான் இருக்கும்," என்றேன்.

அவர் அந்த மனிதரைத் திட்ட ஆரம்பித்தார். இத்தனை வருஷத்தில் அவர் வாயில் நான் கேட்டிராத வார்த்தைகள். அவனும் அவன் குடும்பமும் விளங்காமல் போக வேண்டும் என்றார். திட்டத் திட்ட, நேற்று மத்தியானத்திலிருந்து செத்துக் கிடந்த அவர் குரலுக்கு உயிர் வந்தது. நான் போனைக் காதிலிருந்து எடுக்காமல், ஒவ்வொன்றுக்கும் 'ம்' கொட்டிக்கொண்டிருந்தேன்.